பிள்ளைகள் தூங்கிய பிறகு பார்க்கும் பொம்மைப் படங்கள்: எங்கே தொடங்குவது?

பொம்மை அசைந்தாலே அது சின்னப் பிள்ளைகளின் படம் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். மட்டக்களப்பில் ஏதாவதொரு வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு இந்தப் படங்களில் ஒன்றைப் போனில் போட்டுப் பாருங்கள். பின்னால் போகிற பெரியம்மா "என்ன மனே, சின்னப் புள்ளயள்ட படமா பாக்காய்?" என்று கேட்டுக்கொண்டே வருவார், இரண்டு நிமிடம் நின்று பார்த்தாரென்றால் வேறு மாதிரிக் கேட்பார். செக் நாட்டுக்காரர் யான் ஷ்வாங்க்மாயர் 1989இல் எடுத்த ஒரு நிமிடப் படமொன்று இருக்கிறது, பெயர் 'மீட் லவ்'. இரண்டு இறைச்சித் துண்டுகள் சேர்ந்து நடனமாடும், மாவில் புரண்டு காதல் செய்யும், அடுத்த கணம் தாச்சியில் பொரிபடும். அவ்வளவுதான் படம். சிரிப்பும் வரும், வயிற்றையும் பிரட்டும். அந்த இரண்டும் ஒன்றாக வருவது உங்களுக்குப் பிடித்திருந்தால் மேலே வாசியுங்கள். பிடிக்கவில்லையென்றால் இந்த வகைப் படங்களை விட்டுவிடலாம், ஒன்றும் குறைந்துபோகாது.

பெரியவர்களுக்கான இருண்ட அனிமேஷன் என்று இணையத்தில் தேடினால் நீண்ட பட்டியல்கள் வரும், எதற்குப் பிறகு எதைப் பார்ப்பது என்று அவை சொல்லாது. எடுத்த எடுப்பிலேயே மிகக் கடுமையான படத்தைப் போட்டு, அரைவாசியில் நிறுத்திவிட்டு, இனி இந்தப் பக்கமே வேண்டாம் என்று போனவர்கள் கனபேர். அதனால் இங்கே ஒழுங்குதான் முக்கியம்.

தொடங்குமுன்

ஸ்டாப் மோஷன் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொம்மையைக் கொஞ்சம் அசைத்து ஒரு படம் எடுப்பது, பிறகு இன்னும் கொஞ்சம் அசைத்து அடுத்த படம் எடுப்பது. சினிமாவில் விநாடிக்கு 24 சட்டகங்கள். பெரும்பாலும் ஒரே நிலையை இரண்டு சட்டகங்களுக்கு வைப்பார்கள், அப்படியென்றால் விநாடிக்கு 12 நிலைகள், ஒரு நிமிடத்துக்கு 720. ஆகவே திரையில் ஒரு துணி மடிவது, ஒரு தூசி நகர்வது எல்லாமே யாரோ கையால் வேண்டுமென்றே செய்தது. உயிரில்லாத பொருள் இப்படி அசைவதைப் பார்க்கும்போது மனதில் ஒரு கூச்சம் வருகிறதே, அதைத்தான் இந்த இயக்குநர்கள் பிடித்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டரில் வழுவழுப்பாகச் செய்த அனிமேஷனில் அந்தக் கூச்சம் எனக்கு ஒருபோதும் வந்ததில்லை.

புதிதாகப் பார்ப்பவர்கள் சொல்லும் முதல் குறை, கதை விளங்கவில்லை என்பது. விளங்காது, சரி. கதையை விரட்டிக்கொண்டு போகாதீர்கள். வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் விடிய விடிய ஆடுகிற ஊர்கள் நம்முடையவை. களரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் அரசன் காட்டுக்குப் போய்விட்டான் என்று ஒத்துக்கொள்கிறோம், கையில் இருக்கிற வாள் பலகை என்று தெரிந்தும் வெட்டுப்பட்டவனுக்காக அழுகிறோம். அந்தக் கண் இருந்தால் போதும். எந்தப் பொருளால் செய்திருக்கிறார்கள், அது எப்படி அசைகிறது, அசையும்போது என்ன சத்தம் கேட்கிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள். கதை இருந்தால் தானாக வந்து சேரும், இல்லையென்றாலும் படம் ஓடும்.

படி 1: பேச்சே இல்லாத குறும்படங்கள்

இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. இந்த மாதிரிப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் கிடைப்பது அரிது. ஆங்கிலச் சப்டைட்டில் வேகமாக ஓடும், அதை வாசித்துக்கொண்டிருந்தால் படத்தைப் பார்க்க ஏலாது. நல்ல வேளையாக, இந்த வகையின் மிகச் சிறந்த குறும்படங்கள் பலவற்றில் பேச்சே இல்லை. கீழே சொல்லும் பெயர்களை ஆங்கிலத்தில் அடித்துத் தேடுங்கள்.

முதலாவது 'நெய்பர்ஸ்', 1952, கனடா, நோர்மன் மக்லாரன் எடுத்தது. எட்டு நிமிடம். இரண்டு அயலவர்கள், இரண்டு வளவுகளுக்கும் நடுவில் ஒரு பூ முளைக்கிறது, அது யாருடையது என்று சண்டை தொடங்குகிறது. வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காக நீதிமன்றம்வரை போன குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பொம்மைகள் இல்லை, உண்மையான மனிதர்களையே பொம்மைகள்போல நிறுத்தி நிறுத்திப் படம் பிடித்திருக்கிறார்கள், அதனால் அவர்கள் நிலத்தில் கால் படாமல் மிதந்து போவார்கள். விளையாட்டாகத் தொடங்கி, பக்கத்து வீட்டுக்காரனின் மனைவியையும் கைக்குழந்தையையும் அடிக்கிற இடம்வரை போகும். அந்தக் காட்சியை முன்பு சில காலம் வெட்டி வைத்திருந்தார்கள், பிறகு திரும்பச் சேர்த்தார்கள். இந்தப் படத்துக்குக் குறும் ஆவணப்பட ஒஸ்கார் கிடைத்தது, எப்படி ஆவணப்படம் ஆனது என்று கேட்காதீர்கள். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் தன் இணையதளத்தில் இதை இலவசமாகவே வைத்திருக்கிறது.

இரண்டாவது 'த ஹாண்ட்', 1965, யிர்ஜி திர்ன்கா. ஒரு குயவன் தன் ரோசாச் செடிக்குச் சட்டி வனைந்துகொண்டு நிம்மதியாக இருக்கிறான். ஒரு பெரிய கை அறைக்குள் வருகிறது, சட்டி வேண்டாம், என்னைச் சிலையாகச் செய் என்கிறது. முதலில் கெஞ்சும், பிறகு காசு காட்டும், பிறகு கூண்டில் அடைக்கும். கடைசியில் குயவன் செத்ததும் அதே கை அவனுக்கு அரச மரியாதையோடு மரணச் சடங்கு செய்யும். பொம்மையின் முகம் படம் முழுக்க ஒரே முகம்தான், வெளிச்சத்தையும் தலையின் சாய்வையும் வைத்தே அதை அழவைக்கிறார் திர்ன்கா. அவர் 1969இல் இறந்தார், அதன்பின் செக்கோஸ்லோவாக்கியாவில் இந்தப் படத்தைத் தடை செய்தார்கள்.

அதற்குப் பிறகு ஷ்வாங்க்மாயரின் 'டிமென்ஷன்ஸ் ஒஃப் டயலொக்', 1982. மூன்று பகுதி. முதல் பகுதியில் காய்கறியால் ஆன தலையும் பாத்திரங்களால் ஆன தலையும் ஒன்றையொன்று தின்று, அரைத்து, துப்பி, கடைசியில் எல்லாத் தலையும் ஒரே மாதிரிக் களிமண் தலையாகிவிடும். இரண்டாவதில் ஓர் ஆணும் பெண்ணும் கட்டியணைத்து ஒரே களியாகக் கலப்பார்கள், பிரியும்போது ஒரு சின்னத் துண்டு மிஞ்சும், அதை இருவரும் வேண்டாம் என்று தள்ளுவார்கள், பிறகு நடப்பதை நான் சொல்லவில்லை. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: இரண்டு தலைகள் மேசைக்கு இருபுறமும் இருந்து கதைக்கின்றன, ஒன்று வாயிலிருந்து பற்பசையை நீட்டினால் மற்றது பிரஷை நீட்டும், பாணுக்கு பட்டர், பென்சிலுக்குக் கூர்தீட்டி. முதல் சுற்று ஒழுங்காகப் போகும். அடுத்த சுற்றில் சோடி மாறிவிடும். கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர்கள் எவருக்கும் அது விளங்கும். பெர்லினில் பரிசு பெற்ற இந்தப் படத்தை அவருடைய நாட்டிலேயே காட்டவிடவில்லை.

இந்த மூன்றும் ஒத்துப்போனால் 'மடாம் துட்லி-புட்லி', 2007. இதுவும் கனடா வாரியத்தின் படம்தான், 17 நிமிடம். ஒரு பெண் மூட்டை முடிச்சோடு இரவு ரயிலில் ஏறுகிறாள். பொம்மையின் முகத்தில் உண்மையான மனிதக் கண்களைப் பொருத்தியிருக்கிறார்கள், நடிகை ஒருவரின் கண்களைத் தனியாகப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஒட்டியது. முதல் தடவை அது இமைக்கும்போது போனைக் கீழே வைக்கத் தோன்றும்.

இன்னும் பழசு வேண்டுமென்றால் ஒன்று. ஸ்டாரேவிச் என்பவர் 1912இல் 'த கமராமன்ஸ் ரிவெஞ்ச்' என்று செத்த வண்டுகளையும் பூச்சிகளையும் கம்பி பொருத்தி நடிக்கவைத்தார். கள்ளக் காதல் கதை. அவர் இதில் இறங்கிய விதம் சுவையானது: உயிருள்ள வண்டுகள் சண்டை பிடிப்பதைப் படமாக்கப் பார்த்தார், விளக்கு வெளிச்சத்தில் அவை அசையவே இல்லை, சரி செத்ததையே அசைப்போம் என்று முடிவெடுத்துவிட்டார்.

படி 2: எதில், எப்போது, யார் இல்லாதபோது

டேட்டா மிச்சம் பிடிப்பதற்காகத் தரத்தைக் குறைத்துப் பார்க்காதீர்கள். பகல் காட்சிகள் உள்ள சாதாரணப் படம் குறைந்த தரத்திலும் தாங்கும், இந்தப் படங்களில் பாதி இருட்டு, தரம் குறைந்தால் கறுப்புக் கட்டி கட்டியாகத்தான் தெரியும். குறும்படங்கள் பத்துப் பதினைந்து நிமிடம்தானே, காணொளித் தரத்தை 720pக்குக் குறையாமல் வையுங்கள். முழுநீளப் படமென்றால் நள்ளிரவுக்குப் பிறகு ஓடும் இரவு டேட்டாவில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். கட்டாயம் இயர்போன். ஃபேன் சத்தத்தில், பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியில் இந்தப் படங்களின் பாதி போய்விடும், ஏனென்றால் உரசல், நசிபடல், மூச்சு என்று எல்லாமே சின்னச் சின்னச் சத்தங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வீட்டில் ஒரே போன், அதில்தான் அம்மாவும் பார்ப்பார், பிள்ளையும் காட்டூன் பார்க்கும். நீங்கள் இரவு இதைப் பார்த்தால் மறுநாள் காலை யூடியூப் அதே மாதிரி பொம்மைப் படங்களை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தும், பிள்ளை பொம்மையைக் கண்டு அமர்த்தும். தனிக் கணக்கில் பாருங்கள், அல்லது பார்த்து முடித்ததும் வரலாற்றை அழித்துவிடுங்கள். தானாக அடுத்தது ஓடுகிற வசதியையும் நிறுத்தி வையுங்கள்.

படி 3: முதல் முழுநீளப் படம்

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மனிதர்கள் மீது பிடிப்பு உள்ளவர் என்றால் 'மேரி அன்ட் மக்ஸ்', 2009, அவுஸ்திரேலியர் அடம் எலியட் எடுத்தது. மெல்பேர்னில் ஒரு தனித்த சிறுமி, நியூயோர்க்கில் அஸ்பேர்கர்ஸ் (ஆட்டிசத்தின் ஒரு வகை) உள்ள ஒரு நடுவயது மனிதர், ஒருவரையொருவர் காணாமலே வருடக்கணக்காகக் கடிதம் எழுதுகிறார்கள். அவள் ஊர் முழுக்க மண்ணிறம், அவர் ஊர் முழுக்கச் சாம்பல் நிறம். வெளிநாட்டில் இருக்கிற அண்ணனோடு பல வருடம் போனிலேயே உறவு நடத்துகிற வீடுகள் நம்மிடம் எத்தனை! சிரிக்கச் சிரிக்கப் போய்க்கொண்டிருக்கும்போது தற்கொலை முயற்சி, குடி, மனநோய் எல்லாம் நேராகவே வரும், அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு உட்காருங்கள். ஆங்கிலம் நிறைய உண்டு, ஆனால் கதை சொல்பவர் நிதானமாகச் சொல்வார்.

விசித்திரம்தான் வேண்டும் என்றால் 'ஃபன்டாஸ்டிக் பிளனெற்', 1973, பிரான்ஸ் நாட்டு ரெனே லாலூ இயக்கியது, வெட்டிய காகித உருவங்களால் ஆனது, செக் தலைநகர் பிராகாவில் வைத்துச் செய்தது. நீல நிற இராட்சதர்கள் மனிதர்களை நாய்க்குட்டிபோலக் கழுத்துப்பட்டி கட்டி வளர்க்கிறார்கள், அளவுக்கு மிஞ்சிப் பெருகினால் மருந்தடித்துக் கொல்கிறார்கள். 72 நிமிடம்தான். கான் விழாவில் சிறப்புப் பரிசு பெற்றது. இதில் வருகிற செடிகளையும் பிராணிகளையும் பார்ப்பதற்காகவே இன்னொரு தடவை போடலாம்.

நெட்ஃபிளிக்ஸ் உள்ளவர்கள் 2022இல் வந்த 'த ஹவுஸ்' படத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று தனிக் கதைகள், இரண்டாவது கதை வீடு திருத்தி விற்கப் பார்க்கிற ஓர் எலியையும் பூச்சிகளையும் பற்றியது. வீடு கட்டக் கடன் எடுத்தவர்கள் யோசித்துப் பாருங்கள்.

படி 4: கடுமையானவை

இவற்றுக்கு அவசரப்பட வேண்டாம். முதலில் ஷ்வாங்க்மாயரின் 'அலிஸ்', 1988. தெரிந்த சிறுவர் கதைதான், ஆனால் முயல் உண்மையான பாடம் செய்த முயல், வயிறு கிழிந்து மரத்தூள் கொட்டிக்கொண்டே இருக்கும், கொட்டியதை அதுவே கரண்டியால் தின்னும். கம்பளிப்புழு ஒரு பழைய காலுறை, பொய்ப்பல் வைத்தது. நடிப்பது உண்மையான ஒரு சிறுமி. பேச்சு மிகக் குறைவு.

அடுத்தது சிலி நாட்டின் 'த வுல்ஃப் ஹவுஸ்', 2018, கிறிஸ்தோபல் லியோன், ஹோவாகின் கோசிஞா என்ற இருவர் எடுத்தது. இந்த முழுப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரம் உண்டு என்றால் இதைத்தான் சொல்வேன். உண்மையான அறைகளில் ஆளளவு உருவங்களைக் காகிதம், டேப், பெயின்ற் எல்லாம் கொண்டு செய்து, சுவரில் நேராகவே கீறி, அழித்து, மேலே கீறி, ஒரே மூச்சில் எடுத்த மாதிரிக் காட்டுகிறார்கள். ஒரு முகம் சுவரில் கறையாகத் தொடங்கும், அறைக்குள் புடைத்து உடம்பாகும், கதைத்துக்கொண்டிருக்கும்போதே உரிந்து விழும். கலைக்கூடங்களிலும் அருங்காட்சியகங்களிலும் வைத்தே எடுத்தார்கள், சனம் வந்து பார்த்துக்கொண்டிருக்க வேலை நடந்தது.

கதையை விரட்டாதீர்கள் என்றேன், ஆனால் இந்தப் படத்துக்கு மட்டும் முன்னரே கொஞ்சம் வாசித்துவிட்டுப் போங்கள். 1961இல் போல் ஷேஃபர் என்ற ஜேர்மன் போதகன் சிலியில் 'கொலோனியா டிக்னிடாட்' என்றொரு மூடிய குடியிருப்பை அமைத்தான். வெளியில் தேனும் ஒழுக்கமும், உள்ளே பிள்ளைகள் மீது பாலியல் கொடுமை, சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சியில் அரசியல் கைதிகளின் சித்திரவதைக் கூடம். அந்தக் குடியிருப்பே தன்னைப் பற்றி எடுத்த பிரசாரப் படம் என்ற பாவனையில்தான் இந்தப் படம் தொடங்குகிறது. ஓடிப்போன ஒரு பெண் காட்டு வீடொன்றில் ஒளிகிறாள், இரண்டு பன்றிகள் அவளுக்குப் பிள்ளைகள் ஆகின்றன, வெளியே ஓநாயின் குரல் அன்பாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த அன்பான குரல் யாருடையது என்று தெரிந்து பார்ப்பதற்கும் தெரியாமல் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

'மாட் கோட்' எல்லாவற்றுக்கும் பிறகு. ஃபில் டிப்பெற் 1990 அளவில் தொடங்கிய படம், 2021இல்தான் திரைக்கு வந்தது. 'ஜுராசிக் பார்க்' படத்துக்கு டைனோசர்களை ஸ்டாப் மோஷனில் செய்ய வந்தவர் இவர்தான், கம்ப்யூட்டர் டைனோசரைக் கண்டதும் இனி நாங்கள்தான் அழிந்துபோன இனம் என்ற மாதிரிச் சொன்னார், அந்த நகைச்சுவை படத்துக்குள்ளேயே போய்விட்டது. தன் சொந்தப் படத்தை மூட்டை கட்டிவைத்து, பல வருடம் கழித்து இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு திரும்ப எடுத்தார். முகமூடி போட்ட ஒருவன் கூண்டில் கீழே கீழே இறங்குகிறான், ஒவ்வொரு தட்டிலும் முன்னதைவிட மோசமான ஒன்று. பேச்சு என்று சொல்ல ஒன்றுமில்லை. இரத்தம், மலம், அறுவைச் சிகிச்சை, எல்லாம் உண்டு. நண்டுக் கறியோடு சோறு சாப்பிட்டுவிட்டு உடனே போடாதீர்கள். ஒரே இருப்பில் பார்க்கவும் தேவையில்லை, இருபது நிமிடமாகப் பிரித்துப் பார்த்தாலும் கெட்டுப்போகாது.

போர் வருகிற படங்கள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், நாம் இருக்கிற இடம் அப்படி. பேயும் பூச்சியும் வருகிற படம் பலரை ஒன்றும் செய்யாது. 'வால்ட்ஸ் வித் பஷீர்' (2008) செய்யும். 1982 லெபனான் போரில் இருந்த இஸ்ரேலியச் சிப்பாய் ஒருவர் தன் மறந்துபோன நினைவைத் தேடுகிற படம், முழுக்கக் கீறியது, கடைசியில் மட்டும், அந்தப் போரில் அகதிகள் படுகொலை செய்யப்பட்ட சப்ரா, ஷத்தீலா முகாம்களின் உண்மைக் காணொளி திடீரென்று வரும். அது வருகிறது என்று தெரியாமல் பார்த்தால் இரவு முழுக்கத் தூக்கம் போகும். 'கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃபிளைஸ்' (1988) குண்டு வீச்சுக்குப் பின் பசியில் தேய்கிற அண்ணனும் தங்கையும், அதில் விசித்திரம் ஒன்றுமில்லை, எல்லாமே நமக்குத் தெரிந்தது. கம்போடியரான ரிதி பான் எடுத்த 'த மிஸ்ஸிங் பிக்சர்' (2013) வேறு வகை: கம்போடியாவைக் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் ஆண்ட காலத்தில் தன் குடும்பம் அழிந்ததைச் சின்னக் களிமண் உருவங்களை வைத்துச் சொல்கிறார், உருவங்கள் அசைவதே இல்லை, கமராதான் அசைகிறது. எடுக்கப்படாமல் போன படங்களுக்குப் பதிலாக அந்தக் களிமண். மூன்றில் எனக்கு இதுதான் பார்க்கக்கூடியதாக இருந்தது. வீட்டில் பெரியவர்களோடு சேர்ந்து பார்க்கத் தோன்றினால் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கீறிய படங்கள், சுருக்கமாக

ஜப்பான் பக்கம் போனால் 'பெர்ஃபெக்ட் புளூ' (1997), சதோஷி கொன்னின் முதல் படம், பாட்டுக்காரியாக இருந்து நடிகையாகிறவளுக்கு எது நிஜம் என்றே தெரியாமல் போகிறது. பாலியல் வன்முறைக் காட்சி உண்டு. 'ஏஞ்சல்ஸ் எக்' (1985) கிட்டத்தட்டப் பேச்சில்லாதது, மிக மெதுவானது, நித்திரை வரும். வந்தால் தூங்குங்கள், அடுத்த நாள் தொடருங்கள்.

பத்து விநாடி செய்து பாருங்கள்

கட்டாயமில்லை, ஆனால் ஒருமுறை கையால் செய்த பிறகு மேலே சொன்ன எல்லாப் படமும் வேறு மாதிரித் தெரியும். போன் போதும். 'ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ' என்ற செயலியின் இலவசப் பதிப்பை இறக்குங்கள், விநாடிக்கு 12 என்று வையுங்கள். பத்து விநாடிக்கு 120 படம், ஒரு பின்னேரத்தில் முடியும்.

போன் அசையக்கூடாது, புத்தகங்களுக்கு நடுவில் இறுக்கி வைத்து டேப் ஒட்டுங்கள். யன்னலைச் சாத்துங்கள், வெயில் நகர நகர ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் மாறி, ஓட்டிப் பார்க்கும்போது மினுங்கும், அதனால் பல்ப் வெளிச்சத்தில் செய்வது நல்லது. கமராவில் வெளிச்சத்தையும் ஃபோக்கஸையும் பூட்டி வைக்க மறக்க வேண்டாம். ஃபேனை நிறுத்த வேண்டும், வியர்க்கும்தான், என்ன செய்வது. நீங்கள் போட்டிருக்கும் வெள்ளைச் சேட்டும் பொம்மைமேல் வெளிச்சத்தைத் தெறிக்கும், கறுப்பு உடுப்புப் போடுங்கள், ஒவ்வொரு படத்துக்கும் ஒரே இடத்தில் நில்லுங்கள்.

குளத்துக் களிமண் பல்ப் சூட்டில் காய்ந்து வெடிக்கும், வெடிப்பது வேண்டுமென்றால் அதையே பாவியுங்கள். இல்லையென்றால் புத்தகக் கடையில் பிள்ளைகளுக்கு விற்கிற கலர்க் கிளே வாங்குங்கள். அது எண்ணெய் கலந்தது, காயாது, ஆனால் சித்திரை வெக்கையில் குழைந்து பொம்மையின் கால் மடங்கிவிடும். உள்ளே மெல்லிய கம்பி வைத்துக் கட்டுங்கள், இடையிடையே பிரிட்ஜில் கால் மணித்தியாலம் வைத்து எடுத்தால் நிற்கும். வைக்கும்போது எந்த நிலையில் இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லி வையுங்கள், தயிர் முட்டியை எடுக்கிறவர் அதைத் தட்டிவிட்டால் அந்தப் பின்னேரம் போச்சு.